மரபணுவுக்கு எல்லைக் கல் இல்லை



ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுக்கள் பூச்சிமருந்தைத் தாங்கிக்கொள்ளும் திறனை எப்படிப் பெற்றன, அந்தத் திறனைத் தரும் மரபணுக்கள் ஒரு கண்டம் முழுவதும் எப்படிப் பரவின, இனி நாம் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் இன்றைய பொருள். கொசுவைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால், இரண்டு எண்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. 5,97,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 100க்கு 95 பேர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய ஒரு நோயால் இத்தனை குழந்தைகள் சாகிறார்கள்.

தடுப்பு முயற்சிகள் இல்லாதிருந்தால் இந்தச் சாவு இன்னும் அதிகமாக இருந்திருக்கும். 2000 முதல் 2015 வரையிலான காலத்தை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தடுப்பு முயற்சிகளால் ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் தவிர்க்கப்பட்டன என்று மதிப்பிட்டது. அதில் 68 விழுக்காட்டுப் பெருமை ஒரே ஒரு பொருளைச் சேரும்: மருந்து தோய்த்த கொசுவலை. வெறும் வலை கொசுவைத் தள்ளி நிறுத்தும். மருந்து தோய்த்த வலை, அதில் வந்து உட்காரும் கொசுவைக் கொல்லும். ஊரில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட வலைக்குள் படுத்தால் வலையில்லாத வீட்டுக் குழந்தைக்கும் அதன் பலன் கிடைக்கும், ஏனென்றால் நோயைச் சுமக்கும் அளவுக்கு வயதாகும் கொசுக்களே ஊரில் குறைந்துவிடும்.

அந்த வலைகளில் தோய்த்தது என்ன மருந்து? பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள். செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து கிடைக்கும் இயற்கை நஞ்சைப் பார்த்து ஆலைகளில் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் கொளுத்தும் கொசுவர்த்திச் சுருளிலும் மின்செருகியில் மாட்டும் திரவத்திலும் இருப்பது இதே குடும்பம்தான். மனிதனுக்குத் தீங்கு குறைவு, கொசுவுக்கு உடனடிச் சாவு என்பதால் குழந்தையின் முகத்தருகே தொங்கும் வலைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகில் விநியோகிக்கப்பட்ட மருந்து வலை ஒவ்வொன்றிலும் இந்தக் குடும்பம் இருந்தது. பெரும்பாலானவற்றில் இது மட்டுமே இருந்தது. கோடிக்கணக்கான உயிர்களை ஒரே மருந்தின்மேல் சார்த்தி வைத்திருந்தோம். அந்த மருந்துக்குத்தான் கொசு இப்போது அசைந்து கொடுக்க மறுக்கிறது.

மறுக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்தச் சோதனை மிக எளிமையானது. தெளிவான பிளாஸ்டிக் குழாய்கள். பச்சைப் புள்ளி வைத்த குழாயின் உட்புறம் சாதாரணக் காகிதம். சிவப்புப் புள்ளி வைத்த குழாயின் உட்புறம் குறிப்பிட்ட அளவு மருந்து ஏற்றிய காகிதம். இரத்தம் குடிக்காத, மூன்று முதல் ஐந்து நாள் வயதுள்ள பெண் கொசுக்கள் இருபத்தைந்தை உறிஞ்சுகுழலால் ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சைக் குழாயில் விடுவார்கள். நடுவிலுள்ள தகட்டை நகர்த்தி, மெல்ல ஊதிச் சிவப்புக் குழாய்க்கு அனுப்புவார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பச்சைக் குழாய்க்கு. மேலே சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. மறுநாள் அதே நேரத்தில் வந்து செத்தவற்றை எண்ணுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டும் அதற்கு மேலும் செத்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. தொண்ணூறுக்குக் கீழே போனால் எதிர்ப்புத்திறன் உறுதி. இன்று ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் இந்தச் சோதனையின் மறுநாள் காலையில் பாதிக்கும் மேற்பட்ட கொசுக்கள் பஞ்சில் உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கின்றன.

அந்தக் கொசுவின் உடலுக்குள் என்ன மாறியிருக்கிறது? நரம்பில் செய்தி ஓடுவது மின்துடிப்பாக. அந்தத் துடிப்பை உண்டாக்க நரம்பணுவின் சவ்வில் சோடியம் வாயில்கள் என்ற புரதங்கள் இருக்கின்றன. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் திறந்து மூடும். பைரித்ராய்டு மூலக்கூறு அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை மூடவிடாமல் செய்கிறது. துடிப்பு நிற்காது. கொசு நடுங்கி, கால் மடங்கி, மல்லாந்து விழும். டிடிடி என்ற பழைய மருந்தும் இதே புரதத்தைத்தான் தாக்கியது.

இப்போது மரபணுவுக்கு வருவோம். அந்தப் புரதத்துக்கான மரபணுவில், 1014ஆவது இடம் என்று அறிவியலாளர்கள் குறிப்பிடும் இடத்தில், மூன்று எழுத்துகள் உண்டு: டி, டி, ஏ. அவை லூசின் என்ற அமினோ அமிலத்தை வைக்கச் சொல்கின்றன. கடைசி எழுத்தான ஏ, டி ஆக மாறினால் லூசினுக்குப் பதில் ஃபீனைல்அலனின் வந்து உட்காரும். நடு எழுத்து சி ஆக மாறினால் செரின் வரும். எந்த மாற்றமானாலும் புரதத்தின் வடிவம் சற்றே திரும்பி, மருந்து முன்போல் ஒட்டாது. கோடிக்கணக்கான எழுத்துகளில் ஒன்று மாறினால் போதும். முதல் மாற்றம் மேற்கு ஆப்பிரிக்கக் கொசுக்களில் இருப்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டாவது மாற்றம் கென்யாவில் இருப்பதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிட வேண்டும். மருந்து பட்டதால் கொசுவின் மரபணு மாறுவதில்லை. கொசு மருந்துக்குப் பழகிக்கொள்வதும் இல்லை. எழுத்து மாற்றம் தற்செயலாக எங்கோ ஒரு கொசுவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. மருந்து செய்வது மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விடுவது. ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இனச்சேர்க்கையின் சிக்கல்களை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். ஓர் ஊரில் மருந்துக்குச் சாகும் கொசுக்கள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாகாத கொசு இருக்கிறது. மருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் சாகும் வகையில் பாதியைக் கொல்கிறது. அப்படியானால் சாகாத வகையின் விகிதம் தலைமுறைக்கு இரண்டு மடங்காகும். ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போய்ப் பத்தாவது தலைமுறையில் சரிபாதியாகிவிடும். வெப்பநாட்டில் முட்டையிலிருந்து பறக்கும் கொசு வர இரண்டு வாரம்கூட ஆவதில்லை. ஒரே ஆண்டுக்குள் பத்துத் தலைமுறை கடந்துவிடும்.

எழுத்து மாற்றம் ஒரு வழி. வேறொரு வழியும் உண்டு. கொசுவின் உடலில் நச்சுப்பொருள்களைச் சிதைக்கும் நொதிகள் பல இருக்கின்றன. அவற்றில் முக்கியமான குடும்பம் சைட்டோகுரோம் பி450. இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வேலை செய்தால், மருந்து நரம்பை எட்டும் முன்பே சிதைந்துவிடும். தெற்கு ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ் என்ற கொசுவில் இப்படிப்பட்ட ஒரு இரட்டை மரபணு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொசுவின் கதை ஒன்றை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1940களிலிருந்து வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்து வந்தார்கள். வீட்டுக்குள்ளேயே ஓய்வெடுக்கும் ஃபுனெஸ்டஸ் கொசு அந்த மாகாணத்திலிருந்து அடியோடு மறைந்துபோனது. பல பத்தாண்டுகள் அது கண்ணிலேயே படவில்லை. டிடிடி சுவரில் வெள்ளைக் கறையாகப் படியும். மக்கள் அதன்மேல் மண் பூசி மறைத்தார்கள். அது சூழலில் நெடுங்காலம் தங்கும், தாய்ப்பாலில் சேரும் என்ற கவலையும் சரியான கவலையே. ஆகவே 1996இல் டிடிடியை நிறுத்திவிட்டு டெல்டாமெத்ரின் என்ற பைரித்ராய்டுக்கு மாறினார்கள். நல்ல நோக்கத்தோடு, அன்றைய அறிவுக்கு ஏற்ப எடுத்த முடிவு.

அடுத்த ஆண்டுகளில் மலேரியா ஏறத் தொடங்கியது. 1999இல் மொசாம்பிக் எல்லையையொட்டிய நுடுமு பகுதியில், மருந்தடித்த வீடுகளின் சன்னல்களில் பொறி வைத்துப் பார்த்தார்கள். பொறியில் ஃபுனெஸ்டஸ் உயிரோடு இருந்தது. சோதித்தபோது டிடிடிக்குச் சாகும், பைரித்ராய்டுக்குச் சாகாது என்று தெரிந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள தெற்கு மொசாம்பிக்கில் இருந்த கொசுக்களும் அதே தன்மை கொண்டவை. தென்னாப்பிரிக்கப் பக்கம் டிடிடி இருந்தவரை அவை நுழைய முடியவில்லை. மருந்து மாறியதும் வழி திறந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் மலேரியா எண்ணிக்கை 60,000ஐத் தாண்டியது. அப்போது வழக்கிலிருந்த மலேரியா மாத்திரையும் பயனிழந்து வந்ததால் துன்பம் இரட்டிப்பானது. அந்த ஆண்டே டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2001இல் மாத்திரையையும் மாற்றினார்கள். தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், அன்றைய சுவாசிலாந்து மூன்றும் சேர்ந்து, எல்லைக்கு இருபுறமும் ஒன்றாக மருந்தடிக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தன. நோய் விரைவாக இறங்கியது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்காவின் முடிவைத் தோற்கடித்த மரபணு தென்னாப்பிரிக்காவில் வளர்ந்ததல்ல. தன் எல்லைக்குள் மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான்: கொசுவின் மரபணு நாம் போட்டு வைத்திருக்கும் எந்த எல்லையையும் மதிப்பதில்லை. நாமோ நாடு, துறை, திட்டம் என்று பிரிந்து நின்று அதோடு போராடுகிறோம்.

நாட்டெல்லையைப் பார்த்தோம். அடுத்து, இனங்களுக்கு இடையிலான எல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அனாஃபிலிஸ் காம்பியே, அனாஃபிலிஸ் கொலுசி என்று நெருங்கிய இரண்டு இனங்கள் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் 2013 வரை ஒரே இனத்தின் இரு வடிவங்களாகவே கருதப்பட்டன. பொழுது சாயும் நேரத்தில் ஆண் கொசுக்கள் கூட்டமாகச் சுழன்று பறக்கும். பெண் கொசு அந்தக் கூட்டத்துக்குள் வந்து இணையும். இரண்டு இனங்களும் பெரும்பாலும் தத்தம் கூட்டத்தோடுதான் சேரும். எப்போதாவது கலந்தாலும் அந்தக் கலப்பின வாரிசுகள் இயற்கையில் நிலைப்பது அரிது. ஆகவே ஓர் இனத்தின் மரபணு மற்றோர் இனத்துக்குப் போகாது என்று எதிர்பார்க்கலாம்.

மாலி நாட்டில் நீண்டகாலமாகச் சேர்த்துவைத்த கொசுக்களை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 2006 வாக்கில் இரண்டு இனங்களும் வழக்கத்துக்கு மாறாகக் கலந்திருக்கின்றன. அதற்கு முன்பு கொலுசியிடம் அந்த எழுத்து மாற்றம் இல்லை. கலப்புக்குப் பிறகு காம்பியேயின் மாற்றத்தைச் சுமந்த கொலுசிகள் தோன்றி, மருந்து வலைகள் பெருமளவில் வந்த அதே ஆண்டுகளில் பெருகின. கலப்பினத்தின் வாரிசுகள் திரும்பத் திரும்பக் கொலுசியோடே இணைந்ததில், காம்பியேயிடமிருந்து வந்த பெரும்பகுதி கழிந்துபோயிற்று. சோடியம் வாயில் மரபணுவும், குரோமோசோமில் அதையொட்டிக் கிடந்த துண்டும் மட்டும் தங்கிவிட்டன. கானாவிலும் இதேபோன்ற நிகழ்வு பதிவாகியிருக்கிறது. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்த இனவேலியில், மருந்து என்ற அழுத்தம் சரியாகத் தேவைப்பட்ட ஓரிடத்தில் மட்டும் ஓட்டை போட்டது. இனங்கள் இரண்டும் இன்றும் இரண்டாகவே இருக்கின்றன; எதிர்ப்பு மரபணு மட்டும் பொதுவாகிவிட்டது.

2017இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் பிடித்த 765 கொசுக்களின் மரபணுத்தொகுதிகளை முழுமையாகப் படித்து வெளியிட்டது. அந்தத் தரவிலிருந்து, 1014ஆம் இடத்து மாற்றம் குறைந்தது பத்துத் தனித்தனிப் பிறப்புகளைக் கொண்டது என்று தெரியவந்தது. ஒரே மாற்றம் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு கொசுக்களில் தானாகவே திரும்பத் திரும்பப் பிறந்திருக்கிறது. அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அங்கோலா வரை, இரண்டு இனங்களிலும் பரவியிருக்கிறது. ஆக, ஓரிடத்தில் தோன்றி மற்ற இடங்களுக்குப் போகிறதா, அல்லது ஒவ்வோர் இடத்திலும் தனியாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு விடை: இரண்டும் நடக்கிறது. எங்காவது ஓரிடத்தில் தடுத்துவிட்டால் போதும் என்று நம்ப இடமில்லை.

சில மில்லிகிராம் எடைகொண்ட கொசு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எப்படிப் போகும் என்று கேட்கலாம். மரபணு போக வேண்டுமென்றால் ஒரே கொசு அத்தனை தூரமும் பறக்க வேண்டியதில்லை. ஊர்விட்டு ஊராகத் தலைமுறை தலைமுறையாக நகர்ந்தாலே போதும். அதைத் தவிர, காற்றும் தூக்கிச் செல்கிறது. மாலியின் கிராமங்களுக்கு மேலே ஹீலியம் பலூன்களைக் கட்டி, கயிற்றில் 40 மீட்டர் முதல் 290 மீட்டர் உயரம் வரை பசை தடவிய வலைகளைத் தொங்கவிட்டார்கள். இரவெல்லாம் வீசிய காற்றில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ்கள் அந்த வலைகளில் வந்து ஒட்டின. பிடிபட்டவற்றில் பெரும்பாலானவை பெண் கொசுக்கள். அவற்றிலும் பெரும்பாலானவை ஏற்கெனவே இரத்தம் குடித்தவை. அதாவது முட்டைகளையும் மரபணுக்களையும், சில வேளை நோய்க்கிருமியையும் சுமந்துகொண்டு ஒரே இரவில் வெகுதூரம் போகக்கூடியவை. இந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது.

மூன்றாவது எல்லை, வயலுக்கும் வீட்டுக்கும் இடையில் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளும் எல்லை. ஐவரி கோஸ்ட்டில் பைரித்ராய்டு எதிர்ப்பு முதலில் பதிவானது 1993இல். கோடிக்கணக்கான வலைகள் விநியோகிக்கப்பட்டது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அப்படியானால் கொசுவைத் தேர்ந்தெடுத்தது எது? மேற்கு ஆப்பிரிக்காவின் பருத்தி வயல்களில் 1980களிலிருந்து பைரித்ராய்டுகள் பெருமளவில் தெளிக்கப்பட்டன. நகரோரக் காய்கறித் தோட்டங்களிலும் இதே மருந்துகள். மழைக்காலத்தில் வயலோரக் குட்டைகளிலும் மாட்டுக் குளம்படித் தேக்கங்களிலும்தான் காம்பியே முட்டையிடும். தெளித்த மருந்து வடிந்து வந்து சேருவதும் அங்கேதான். இலைப்புழுவுக்கு வைத்த மருந்து, பக்கத்துக் குட்டையிலிருந்த கொசுப்புழுக்களையும் சலித்தெடுத்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அடித்த டிடிடியும் இதே எழுத்து மாற்றத்துக்கு இடம் கொடுத்திருக்கக்கூடியது. வேளாண் துறை ஒரு கோப்பில் வாங்கியதையும் சுகாதாரத் துறை வேறொரு கோப்பில் வாங்கியதையும் கொசு ஒரே மருந்தாகத்தான் பார்த்தது. வலைகள் வந்தபின் அழுத்தம் பன்மடங்கானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நான்காவது எல்லை, காலம். ஒரு மருந்தை நிறுத்திவிட்டால் எதிர்ப்பும் மெல்ல மறைந்துவிடும் என்று பாடப்புத்தகங்கள் சொல்வதுண்டு. சில வேளை அது உண்மை; எப்போதும் அல்ல. டீல்ட்ரின் என்ற மருந்துக்கு எதிரான திறன் 1950களின் நடுவில் வடக்கு நைஜீரியாவில் அனாஃபிலிஸ் காம்பியேயிடம் காணப்பட்டது. அந்த மருந்து கொடிய நஞ்சு என்பதால் பின்னர் கைவிடப்பட்டு, இன்று பன்னாட்டு ஒப்பந்தத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதற்கான எதிர்ப்பு மரபணு காம்பியேயிலும் கொலுசியிலும் இன்னமும் இருக்கிறது. கொசுவின் கணக்கில் பல நூறு தலைமுறைகள் கடந்தும் அழியவில்லை.

இவ்வளவு கேட்டபின், போராடிப் பயனில்லையோ என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படியில்லை என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கை. 1934-35இல் மலேரியா அங்கே ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு டிடிடி வந்தது. 1963இல் நாடு முழுவதும் கண்டறியப்பட்டது வெறும் 17 பேர். வென்றாகிவிட்டது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். மறுபடி டிடிடியை எடுத்தபோது, அங்கே நோய் பரப்பும் அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் அதற்கு எதிர்ப்புப் பெற்றிருந்தது. 1977இல் மாலத்தியானுக்கு மாறினார்கள். அந்த மருந்தை வேளாண்மைக்கு விடாமல் மலேரியா ஒழிப்புக்கே ஒதுக்கினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னாளில் மாலத்தியானுக்கும் எதிர்ப்பு வந்தது. அப்போதும் அவர்கள் மருந்துகளை மாற்றினார்கள். எங்கே தேவையோ அங்கே மட்டும் அடித்தார்கள். காய்ச்சல் கண்ட ஒவ்வொருவரையும் தேடிப்போய் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். உள்நாட்டுப் போர் நடந்த பகுதிகளிலும் இந்த வேலை நிற்கவில்லை. 2012க்குப் பிறகு சில ஆண்டுகளாக உள்ளூர்த் தொற்றே இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. எதிர்ப்பு மரபணு கொசுவில் இருந்தது. இருந்தும் நோய் போயிற்று.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னை போன்ற நகரங்களில் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளரும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சை, தெற்காசியாவுக்கு உரிய கொசு. 2012இல் அது ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலுள்ள ஜிபூட்டியில் தென்பட்டது. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்திருந்த அந்தச் சின்ன நாட்டில் அந்த ஆண்டு பதிவான நோயாளிகள் 27 பேர். 2020இல் 70,000க்கும் மேல். பிறகு எத்தியோப்பியா, சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா என்று அது பரவியிருக்கிறது. இலங்கையின் மன்னாரிலும் 2016இன் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. எத்தியோப்பியாவில் சோதித்தபோது பல குடும்பத்து மருந்துகளுக்கும் அது அசையவில்லை. மலேரியா கிராமத்து நோய் என்றிருந்த கண்டத்தில், நகரத்துத் தொட்டிகளில் வாழத் தெரிந்த, மருந்தைத் தாங்கத் தெரிந்த கொசு குடியேறுகிறது.

செய்ய வேண்டியது என்ன? நம் ஊர் ஏரித் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். அது எந்த ஒருவருடைய சொத்தும் அல்ல. மடை திறந்தவன் தன் வயலுக்கு மட்டும் பாய்ச்சிக்கொண்டே போனால் கடைமடை காயும். அதனால்தான் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள், அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்று ஒருவரை நியமித்தார்கள். ஒரு பூச்சிமருந்தின் கொல்லும் திறனும் அப்படிப்பட்ட பொதுச்சொத்து. பருத்திக்கு அடித்தவர், தோட்டத்துக்கு அடித்தவர், வலையில் தோய்த்தவர், சுருள் விற்றவர் எல்லோரும் ஒரே ஏரியிலிருந்துதான் எடுத்தார்கள். முறையும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

முறைவைத்தால் நடக்கும் என்பதை மேற்கு ஆப்பிரிக்காவே ஒருமுறை காட்டியிருக்கிறது. ஆற்றோரக் கருப்பு ஈ பரப்பும் நோயால் கண்பார்வை போய்க்கொண்டிருந்த பகுதியில் 1974இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2002இல் முடிந்தபோது அதில் 11 நாடுகள் இருந்தன. முதலில் டெமிஃபாஸ் என்ற ஒரே மருந்தை ஆறுகளில் விட்டார்கள். 1980 வாக்கில் ஈக்களிடம் எதிர்ப்பு தோன்றியது. உடனே ஒரே மருந்தை நம்புவதை நிறுத்தினார்கள். வெவ்வேறு விதமாகக் கொல்லும் பல மருந்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஈக்களைத் தொடர்ந்து சோதித்து, ஆற்றின் நீரோட்டத்தையும் பார்த்து, எந்த ஆற்றுக்கு எந்த வாரம் எது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். எதிர்ப்பு கட்டுக்குள் நின்றது. திட்டம் வென்றது. நாட்டெல்லையை அல்ல, ஆற்றுப் படுகையை அலகாக வைத்துத் திட்டமிட்டதுதான் அதன் உயிர்நாடி.

மலேரியாவுக்கும் இப்போது புதிய வலைகள் வந்திருக்கின்றன. ஒரு வகையில் பைரித்ராய்டோடு, சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் பிபிஓ என்ற பொருளும் இருக்கும். இன்னொரு வகையில் குளோர்ஃபெனபிர் என்ற வேறு மருந்து இருக்கும். இந்த மருந்து நரம்பைத் தொடுவதில்லை. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியைக் கெடுக்கிறது. வலையில் இருக்கும்போது இதன் நச்சுத்தன்மை குறைவு. கொசுவின் உடலுக்குள் போனபின், பைரித்ராய்டைச் சிதைக்கும் அதே வகை நொதிகள்தான் இதைக் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. கொசுவைக் காத்த நொதியே கொசுவைக் கொல்கிறது. தான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் நடந்த ஆய்வில், பழைய வலைகளோடு ஒப்பிடும்போது இந்த வலைகள் இரண்டாண்டுக் காலத்தில் குழந்தைகளின் மலேரியாவை 44 விழுக்காடு குறைத்தன. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பரிந்துரைத்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன்.

ஆனால் அச்சமும் இருக்கிறது. குளோர்ஃபெனபிர் காய்கறித் தோட்டங்களுக்கும் விற்கப்படும் மருந்து. இதையும் ஒரே துணையாகப் பிடித்துக்கொண்டு, வயலிலும் வலையிலும் ஆண்டுக்கணக்கில் கொட்டினால் முடிவு என்ன என்று இதுவரை கேட்ட உங்களுக்கே தெரியும். நொதியைத் தடுக்கும் பிபிஓவும், நொதியால் உயிர்பெறும் குளோர்ஃபெனபிரும் ஒன்றையொன்று கெடுக்கக்கூடியவை என்பதால், எதை எங்கே கொடுப்பது என்றுகூடச் சிந்தித்தே செய்ய வேண்டும். அந்தச் சிந்தனைக்குத் தேவை, எந்த ஊர்க் கொசுவில் எந்த மரபணு எவ்வளவு இருக்கிறது என்ற அறிவு. பச்சைக் குழாயும் சிவப்புக் குழாயும், ஒரு கொசுவின் காலை வைத்தே எழுத்து மாற்றத்தைச் சொல்லும் மரபணுச் சோதனையும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கிடைத்த விவரம் எல்லைக்கு அப்பாலுள்ள அண்டை நாட்டுக்கும், அதே கட்டடத்தில் இருக்கும் வேளாண் அலுவலகத்துக்கும் போக வேண்டும். காய்ச்சல் ஏறியபின் சோதிப்பது காலம் கடந்த வேலை.

ஒரு செய்தி தவறாகப் போய்ச் சேரக்கூடாது. கொசுவுக்கு எதிர்ப்பு வந்துவிட்டது, ஆகவே வலை வீண் என்று யாரும் சொல்ல வேண்டாம். கிழியாத வலை எந்தக் கொசுவுக்கும் தடைதான். எதிர்ப்பு முற்றிய ஊர்களிலும் வலைக்குள் தூங்கும் குழந்தைக்கு, வெளியே தூங்கும் குழந்தையைவிடப் பாதுகாப்பு அதிகம்.

மாணவர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூலக்கூறு அறிவியலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சேற்றில் இறங்கிக் கொசுப்புழுவை அள்ளி, இது எந்த இனம் என்று சொல்லக்கூடிய பூச்சியியலாளர்கள் குறைந்து வருகிறார்கள். மரபணுவைப் படிக்கும் கருவி இன்று எங்கும் கிடைக்கும். சரியான கொசுவைச் சரியான குட்டையிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் கைதான் கிடைப்பதில்லை. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மரபணுவைப் படிப்பது, குட்டையில் இறங்கிக் கொசுவை அறிவது என்ற இரண்டு வேலையையும் ஒருவரே கற்றுக்கொள்ளுங்கள். வேளாண்மை படிக்கிறவர்கள், பயிருக்கு மருந்து எழுதிக் கொடுக்கும்போது அந்த மருந்துக் குடும்பம் வேறு எந்த உயிரைக் காக்கப் பயன்படுகிறது என்று ஒருமுறை கேளுங்கள். பெரியவர்கள், உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். முட்டையிட இடமில்லாத கொசுவுக்கு எந்த எதிர்ப்பு மரபணுவும் உதவாது.

ஆட்சியிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான். வேளாண்மைக்கும் சுகாதாரத்துக்கும் பூச்சிமருந்தைப் பொறுத்தவரை ஒரே கணக்குப் புத்தகம் வையுங்கள். அதை அண்டை நாடுகளோடு சேர்ந்து எழுதுங்கள். எதிர்ப்பு மரபணு பிறப்பதை நம்மால் தடுக்க முடியாது. அது பெருகும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முழுக்க நம் கையில் இருக்கிறது. இதுவரை கூட்டியிருக்கிறோம். குறைக்கும் வழி தெரியும், செய்துகாட்டிய நாடுகளும் உண்டு. ஆகவே இனி இறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அறியாமையைக் காரணம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.